கோவைப்பழச் சிவப்பு

நான் செய்த முதல் கத்தி மொத்தம் நாலு நிமிஷம்தான் உயிரோடு இருந்தது. பழுக்கக் காய்ச்சித் தண்ணீர் வாளிக்குள் விட்டதும் ‘டிங்’ என்று ஒரு சத்தம். எவர்சில்வர் டம்ளரைச் சுண்டினால் வருமே, அது மாதிரி. எடுத்துப் பார்த்தால் விளிம்பிலிருந்து முதுகுவரை முடி போல ஒரு விரிசல். லேசாகத் தட்டினேன், இரண்டாகப் போயிற்று. மூன்று ஞாயிற்றுக்கிழமை உழைப்பு.

பட்டறை என்று நான் சொல்வது மதுரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடி. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் எட்டடிக்கு ஆறடி இடம். தரை முழுக்க மணல் பரப்பியிருக்கிறேன். பழுத்த இரும்பு சிமெண்டுத் தரையில் விழுந்தால் உள்ளேயிருக்கும் ஈரம் ஆவியாகிச் சில்லு தெறிக்கும். அதை ஒருமுறை முழங்காலில் வாங்கியவன் மறக்க மாட்டான். உலை என்பது ஒரு பழைய வேனின் பிரேக் டிரம். அதன் நடு ஓட்டையில் ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் அக்கா கல்யாணத்துக்கு வாங்கி அதற்கப்புறம் யாரும் தொடாத ஹேர் டிரையர். கரி, சீமைக்கருவேலங்கரி. அது மட்டும் எங்கள் பக்கத்தில் பஞ்சமே இல்லை.

பட்டடைக்குத் தண்டவாளத் துண்டுதான் நல்லது என்று பார்க்கிற வீடியோவிலெல்லாம் சொன்னார்கள். காயலான் கடை அண்ணனிடம் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். “தம்பி, அத நான் வச்சிருந்தாலும் கேஸு, நீங்க வாங்கினாலும் கேஸு” என்றார். ரயில்வே சொத்தை முறையில்லாமல் வைத்திருப்பதற்கென்றே 1966-ஆம் வருஷச் சட்டம் ஒன்று இருப்பது பிறகுதான் தெரிந்தது. பதிலுக்கு அவர் உருட்டிக்கொண்டு வந்தது ஒரு உடைந்த லாரி ஆக்ஸில். ஒரு முனை தட்டு மாதிரி விரிந்திருக்கும். தட்டு மேலே வரும்படி அதை நிமிர்த்தி டிரம்மில் வைத்து, சுற்றி மணலைக் குத்தி நிரப்பினேன். ஒரு பேரிங் குண்டை மேலிருந்து போட்டேன், துள்ளித் திரும்பி வந்தது. துள்ளல் செத்துப்போனால் இரும்பு மெத்து என்று அர்த்தம். நாம் அடிக்கிற அடியை அதுவே தின்றுவிடும். அன்றைக்கு அந்தக் குண்டை இருபது தடவையாவது போட்டுப் பார்த்திருப்பேன்.

குறடு செய்யக் குறடு வேண்டும் என்பது இந்தத் தொழிலில் ஒரு பழைய சிக்கல். பிளம்பரிடம் கடன் வாங்கிய பைப் ரிஞ்சால் இரண்டு கட்டுமானக் கம்பிகளைப் பிடித்துக் காய்ச்சி, வளைத்து, நடுவில் ஒரு தடித்த ஆணியைக் கோத்துத் தட்டி முதல் குறட்டைச் செய்தேன். கோணல்தான். ஆனால் பிடிக்கும்.

முதல் வாரமே ஒரு தப்பு செய்தேன், அதைச் சொல்லிவிடுகிறேன், யாராவது செய்யப் பார்த்தால் உதவும். குழாய்க்கு வீட்டில் மிச்சம் கிடந்த ஜிஐ பைப்பைப் போட்டிருந்தேன். அதன் மேல் துத்தநாகப் பூச்சு. சூடேறியதும் வெள்ளையாகப் புகை வந்தது. கரிப்புகை என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரி எட்டு மணிக்குக் குளிர் காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலி, வாயில் காசைச் சப்பின ருசி. மறுநாள் பூச்சில்லாத கறுப்புக் குழாய் வாங்கி மாட்டினேன். அம்மா கொசுக்கடி என்று நம்பி நிலவேம்புக் கஷாயம் கொடுத்தாள். நான் மறுக்கவில்லை.

கத்திக்குப் பயன்படுத்தியது பழைய லாரிப் பட்டை. வில் மாதிரி அடுக்கியிருப்பார்களே, அந்த உருக்கு. அதைத் தண்ணீரில் விடக்கூடாது. ஒரேயடியாகக் குளிர்ந்து வெடித்துவிடும். கடலெண்ணெயைக் கைபொறுக்கும் சூட்டுக்கு மேல் கொஞ்சம் காய்ச்சி அதில் விட வேண்டும். இரண்டாவது கத்தியை அப்படித்தான் விட்டேன். விரிசல் இல்லை. அம்மா கேக் செய்கிற அடுப்பில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம், ஆறவைத்து மறுபடி ஒரு மணி நேரம் வைத்தேன். ஒரு வாரம் வெங்காயம் நறுக்கியது. அப்புறம் ஒருநாள் அம்மா கைதவறிக் கீழே போட்டாள், முனை பட்டென்று போய்விட்டது. உடைந்த இடம் ரவை மாதிரி நறநறவென்று மினுங்கியது. நல்ல உருக்கு உடைந்தால் வெல்வெட் போலச் சாம்பல் நிறமாக, பொடியாக இருக்க வேண்டும். ரவை என்றால் அளவுக்கு மீறிக் காய்ச்சிவிட்டேன் என்று அர்த்தம். மூன்றாவது கத்தியும் ரவை.

இவ்வளவுக்கும் காந்தம் வைத்துத்தான் பார்த்தேன். ஏறக்குறைய 770 டிகிரியில் இரும்பைக் காந்தம் இழுக்காது. அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் காய்ச்சி எண்ணெயில் விட வேண்டும். அந்த ‘இன்னும் கொஞ்சம்’ எங்கே முடிகிறது என்பதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை.

அப்பாவிடம் கேட்டிருக்கலாம். எங்கள் தாத்தா ஆசாரி. திருப்பாச்சேத்திக்கு அரை மணி நேரத் தூரத்தில் ஒரு கிராமத்தில் கொல்லுப்பட்டறை வைத்திருந்தார். கதிர் அரிவாளுக்குக் கருக்கு வெட்டுவது, கலப்பைக்குக் கொழு அடிப்பது, மண்வெட்டிக்கு வாய் வைப்பது. கூலி ரொக்கமாக வராது. அறுப்பு முடிந்து களத்துக்குப் போய் நின்றால் நெல் அளப்பார்கள். அந்தப் பங்குக்குப் பெயர் சுதந்திரம். “சுதந்திரம் வாங்கப் போய் நிப்போம்” என்று அப்பா சொல்வார், சிரிக்காமல். பள்ளிக்கூடம் போகும் முன் காலையில் துருத்தி இழுத்தாராம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துத் தபால் ஆபீஸில் சேர்ந்தவர் அந்தப் பட்டறைப் பக்கம் திரும்பவில்லை. சுத்தியல் போய் கையில் தபால் முத்திரை வந்தது. அதையும் 34 வருஷம் குத்தினார்.

நான் உலை பற்றவைத்தால் அவர் கீழே ஜன்னலைச் சாத்திவிடுவார். ஒரே ஒருமுறை மேலே வந்தார்.

“இத வித்தா எவ்வளவு கெடைக்கும்?”

“விக்கிறதுக்கு இல்லப்பா. சும்மா.”

“சும்மாவா” என்றார். அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். அவரை ஏழு வயதில் உட்காரவைத்த நெருப்புக்கு முன்னால் நான் சம்பளத்தில் கரி வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஒரு வார்த்தைக்கு நான் என்ன சொல்ல?

சமாதானமாக இருக்கட்டும் என்று ஒருநாள் சாப்பிடும்போது ஃபாரடே கதையைச் சொன்னேன். மின்சாரத்துக்குப் பேர்போன மைக்கேல் ஃபாரடேயின் அப்பா ஒரு கொல்லர். ஃபாரடே 1819-இல் நம் நாட்டு ஊட்ஸ் உருக்கை வாங்கிச் சோதித்துப் பார்த்திருக்கிறார். அந்த உருக்கைக் காய்ச்சிய இடங்களில் நம் கொடுமணலும் ஒன்று. அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார். “அவரும் பட்டறைய விட்டுட்டுத்தான போனாரு?”

போன தைமாதம் அத்தை ஊரிலிருந்து வந்திருந்தாள். அப்பாவுக்கு மூத்தவள், எழுபதைத் தாண்டியவள். கரிவாசனை பிடித்துக்கொண்டு படியேறி வந்துவிட்டாள். ஹேர் டிரையரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது.

“என்னடா இது, இதுக்கு மூச்சே இல்ல? ஒரே ஊதா ஊதுது. கரியத்தான் திங்கும்.”

“அப்பா சின்ன வயசுல துருத்தி இழுத்திருக்காங்கல்ல, அப்ப எப்படி…”

“அவன் எங்க இழுத்தான்? மணியடிச்சா ஓடிருவான். மிச்சப் பொழுதெல்லாம் நாந்தான்.”

இதை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. தாத்தா ஆசாரி, அப்பா ஆசாரி மகன். கல்யாணமாகும் வரை அந்த உலைக்கு மூச்சு கொடுத்தவள் கதையில் எங்கேயும் இல்லை.

அத்தை பால்பவுடர் டின்னின் மூடியை எடுத்து ஹேர் டிரையரின் காற்று இழுக்கும் பக்கத்தில் பாதி மறைத்துப் பிடித்தாள். நெருப்பு தணிந்தது. எடுத்தாள், சீறியது. “கேட்டியா? இரும்ப உள்ள வச்சதும் மெதுவா. நடுவரைக்கும் சூடு எறங்கணும். எடுக்கப்போற நேரத்துலதான் இழுத்து விடணும்.” அப்புறம் வானத்தைப் பார்த்தாள். பகல் பன்னிரண்டு மணி. “வெயில்ல வச்சு எவனாச்சும் காய்ச்சுவானா? நெறம் எப்படித் தெரியும்?”

கொல்லுப்பட்டறைகள் ஏன் இருட்டாக இருக்கின்றன என்று நான் யோசித்ததே இல்லை. ஏழ்மை என்று நினைத்திருந்தேன். நண்பகல் வெளிச்சத்தில் 800 டிகிரி இரும்பு கறுப்பாகத்தான் தெரியும். என் கண்ணுக்குச் சிவப்பு தட்டும்போது அது எப்போதோ பதம் தாண்டிப் போயிருக்கும்.

சாயங்காலம் ஆறரைக்கு மேல் மறுபடி பற்றவைத்தோம். தொட்டியிலிருந்து சுவர்வரை தார்ப்பாய் கட்டினேன். அத்தை முக்காலி போட்டு உட்கார்ந்து டின்மூடியைப் பிடித்துக்கொண்டாள். கண் நெருப்பை விட்டு நகரவில்லை. இரும்பு கறுப்பிலிருந்து செங்கல் நிறத்துக்கு வந்தது. “இரு.” செங்கல்லுக்குள் ஒரு நிழல் ஓடி மறைந்தது. “இரு, இரு.” பிறகு முழுக்க ஒரே நிறம். “கோவப்பழம். எடு!” காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. திரும்ப உள்ளே விட்டு, அவள் சொன்ன அடுத்த நொடியில் எண்ணெயில் இறக்கினேன். ஆறியபின் அரத்தை வைத்து ராவினேன். கண்ணாடியில் ராவுவது போல வழுக்கியது.

அம்மாவின் அடுப்பெல்லாம் அத்தைக்குத் தேவைப்படவில்லை. அலகைத் தேய்த்து மினுக்கி, முதுகுப் பக்கம் பழுத்த கம்பியை வைக்கச் சொன்னாள். நிறம் முதுகிலிருந்து வாய்ப்பக்கம் மெல்ல ஓடியது. “வாய்க்கு வைக்கோல் நெறத்தோட நிறுத்திரணும். மயில்கழுத்து வந்துச்சுன்னா மெத்துப்போச்சு.” மயில்கழுத்து முதுகில் நிற்கும்போதே தண்ணீரைத் தொட்டு நிறுத்தினோம்.

அப்போதுதான் உறைத்தது. அத்தை மறுபடி துருத்தியில். நான் சுத்தியலோடு நிற்கிறேன். ஐம்பது வருஷம் கழித்தும் அதே இடம்.

“நீங்க அடிச்சிருக்கீங்களா அத்தை?”

“பட்டடையத் தொடவே விடமாட்டாரு. பொட்டப்புள்ள, தீட்டும்பாரு. துருத்திக்கு மட்டும் தீட்டு கெடையாது.”

எட்டு எம்எம் கம்பி ஒன்றைக் காய்ச்சிக் கொடுத்தேன். குறட்டை நான் பிடித்துக்கொள்ள, ஒரு கிலோ சுத்தியலை இரண்டு கையாலும் தூக்கினாள். முதல் அடி ஆக்ஸிலின் ஓரத்தில் பட்டது. இரண்டாவது சரியாக விழுந்தது. கம்பி ஆறி ஆறி நாலு தடவை காய்ச்சினோம். டின்மூடி என் கையில். எப்போது மெதுவாக, எப்போது முழுசாக என்று அவள் சொல்லச் சொல்லத் திறந்து மூடினேன். முக்கால்வாசி வளைந்த ஒரு கொக்கி வந்தது. முனை தட்டையாகிவிட்டது. “செம்பு தொங்கவிடலாம்” என்றாள். தண்ணீரில் முக்கி எடுத்து, தினத்தந்தியில் சுற்றிக்கொண்டு கீழே இறங்கினாள்.

அப்பா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். “என்னக்கா அது?”

“கொக்கிடா. புடி.”

அப்பா வாங்கிப் பிரித்தார். புரட்டிப் பார்த்தார். கட்டைவிரலால் அந்தத் தட்டையான முனையைத் தடவினார்.

“இன்னொரு காய்ச்சல் காய்ச்சிருக்கலாம்” என்றார்.