ஏழு கொடுத்தால் விழும்

அசெம்பிளி எழுதிப் பிழைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்களா என்று கேட்டேன். நண்பர் பதில் சொல்லாமல் கிழக்கேகோட்டையில் ஆட்டோ பிடித்து ஸ்ரீவராகத்துக்குக் கூட்டிப் போனார். வராகமூர்த்தி கோயில் குளத்தைப் பார்த்த மாடி அறை. அங்கே இருந்தவர், 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க்கில் பல வருஷம் வேலை பார்த்த பெண்மணி. இப்போது வீட்டிலிருந்தே மணிக்கணக்குக் கூலிக்குப் பிழை திருத்துகிறார். மேஜையில் இரண்டு திரை; அவர் எடுத்ததோ கோடுபோட்ட நோட்டும் பென்சிலும்.

"ஏழு கொடுத்தா விழும், எட்டு கொடுத்தா விழாது சார். இதுதான் போன மாசக் கேஸ்."

ஒரு இன்டர்பிரெட்டரிலிருந்து சி ஃபங்ஷன்களைக் கூப்பிடும் பாலம் அது. 1996-ல் ஆந்தணி கிரீன் எழுதத் தொடங்கிய லிப்எஃப்எஃப்ஐ இதே வேலையைத்தான் செய்கிறது. பைத்தானின் சிடைப்ஸ் அதை நம்பித்தான் ஓடுகிறது. இந்த வாடிக்கையாளர் பாலத்தைத் தாமே கட்டிக்கொண்டார். 64-பிட் லினக்ஸில், இன்டெல் சிப்பில், முழு எண்கள் என்றால் ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் முதல் 6 மதிப்புகள் ரெஜிஸ்டரில் போகும். (அவற்றின் பெயர்களை அவர் அடுக்கியபோது நான் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.) ஏழாவதிலிருந்து ஸ்டாக்.

ஸ்டாக்கைக் குளப்படி போல வரைந்தார். மேலே பெரிய முகவரி, இறங்க இறங்கச் சின்னது. படிக்கு 8 பைட். கூப்பிடும் நேரத்தில் ஸ்டாக்கின் நுனி 16-ஆல் வகுபடும் முகவரியில் நிற்க வேண்டும் என்பது விதி. எட்டு மதிப்பு என்றால் இரண்டு படி, சரி. ஏழென்றால் ஒரே படி, விதி தப்பிவிடும். உள்ளே போன ஃபங்ஷன், மூவாப்ஸ் போல 16 பைட்டை ஒரே வாரில் அள்ளும் கட்டளையை ஸ்டாக்கில் ஓட்டினால் புரோகிராம் அங்கேயே சாகும். ஓட்டாவிட்டால் ஒன்றும் தெரியாது.

இதை முன்பே யாரோ திருத்தியிருந்தார்கள். ஒற்றைப்படை வந்தால், ஸ்டாக்கின் நுனியைக் காட்டும் ஆர்எஸ்பியில் 8 கழி என்று ஒரு வரி. அதை மதிப்புகளைப் புஷ் செய்த பிறகு போட்டிருந்தார்கள். விழுவது நின்றது. ஆனால் ஃபங்ஷன் தன் ஏழாவது மதிப்பை ரிட்டர்ன் அட்ரஸுக்கு அடுத்த படியில்தான் தேடும். சோதிக்கும்போது ஏழாவதுக்கு 7777 என்றே கொடுப்பாராம், கண்ணில் சட்டென்று படுவதற்காக. ஜிடிபி டிபக்கரில் ஃபங்ஷன் வாசலிலேயே நிறுத்திக் காட்டினார். தண்ணீர் ஓரப் படியில் ரிட்டர்ன் அட்ரஸ், அதற்கு மேல் படியில் ஏதோ பழைய குப்பை, அதற்கும் மேலே கேட்பாரற்று 7777.

"முன்னாடி விழுந்துது, தெரிஞ்சுது. இப்போ விழறதில்லை, கணக்கு மட்டும் தப்பு."

கண்டுபிடிக்க மூன்று நாள். இடையில் நின்ற ஒப்பந்த நிறுவனம், மாறிய வரிகளை எண்ணிப் பார்த்து ஒரு மணி நேரக் கூலி கொடுத்தது. வாடிக்கையாளரிடம் எத்தனை மணி நேரம் எழுதி வாங்கினார்கள் என்று இவருக்குச் சொல்லவில்லை. சிக்கல் எங்கே என்று தேடுவதற்குக் கூலி கிடையாது, அவிழ்த்ததற்கு மட்டும்தான் என்றால் யார் உட்கார்ந்து தேடுவார்கள்? தறிக்காரரின் கழுத்தைப் பிடிக்கும் தரகனாவது சேலையை விரித்துப் பார்ப்பான். இவர்கள் அதுகூடச் செய்வதில்லை.

அவர் அனுப்பிய திருத்தத்தைப் பார்த்தேன். புதிதாக ஓர் எழுத்து இல்லை. 8 கழிக்கும் வரி, புஷ் வரிகளுக்குக் கீழேயிருந்து மேலே போயிருக்கிறது.