கொடுத்த கை விலகும்போது

தருமம் தலைகாக்கும் என்பர் பெரியோர். அது கொடுப்பவன் தலையைப் பற்றிய சொல். கொடுப்பவன் கையை மடக்கிக்கொண்டால் வாங்கியவன் தலையை எது காக்கும்? அன்பர்களே, இன்று உலகெங்கும் எழுந்துள்ள வினா இதுவே.

2025 ஜனவரி 20ஆம் நாள் அமெரிக்க அரசு அயல்நாட்டு உதவியைத் தொண்ணூறு நாட்களுக்கு நிறுத்தி வைத்தது. 1961 முதல் நடைபெற்று வந்த அதன் உதவி நிறுவனமாகிய யு.எஸ்.எய்டு, அவ்வாண்டு ஜூலை முதல் நாளோடு இயக்கத்தை முடித்துக்கொண்டது. பிரிட்டனும் தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 0.5 பங்காக இருந்த உதவியை 2027இல் 0.3 பங்காகக் குறைப்பதாக அறிவித்தது. ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி. நோயாளர் மருந்து பெற்று வந்த நிலையங்கள் பல கதவடைத்தன. இடைவிடாது மருந்து உண்ண வேண்டிய நோய் அது.

உதவி முடிவதே தவறென்று நான் சொல்லேன். இதில் நம் கொச்சிக்கே பட்டறிவு உண்டு. 1952இல் நார்வேயும் இந்தியாவும் ஐக்கிய நாடுகள் சபையும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. மறு ஆண்டில் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் மீன்பிடித் திட்டம் தொடங்கிற்று. இயந்திரப் படகு, பனிக்கட்டி ஆலை, மருத்துவ நிலையம், குடிநீர்க் குழாய் ஆகியவை வந்தன. 1963இல் தலைமையிடம் எர்ணாகுளத்திற்கு மாறியது. 1972இல் நார்வே நாட்டார் விடைபெற்றனர். திட்டத்தை நம் அரசு ஏற்றது. அதன் வழிவந்த நிலையம் இன்றும் கொச்சியில் மீன் பதனிடும் தொழிலைக் கற்பிக்கிறது. குறையும் உண்டு. இறால் ஏற்றுமதியின் ஆதாயம் படகு உடையோரிடமே மிகுதியாகச் சேர்ந்தது, கைவலைக்காரர் பின்தங்கினர். ஆயினும் கொடுத்தவர் போனதால் திட்டம் மூடப்படவில்லை.

நான் இரயில்வே குமாஸ்தா. வேலை நேரம் முடிந்ததென்று நாங்கள் எழுந்துவிட இயலாது. ரொக்கத்தை எண்ணிக் காட்டி, பதிவேட்டில் எழுதி, அடுத்தவர் கையொப்பமிட்ட பின்னரே நாற்காலியை விட்டு எழலாம். நார்வே இருபது ஆண்டில் செய்தது அத்தகைய ஒப்படைப்பு. 2025இல் ஆறு மாதத்திற்குள் நாற்காலி காலியாயிற்று.

சுள்ளிக்கல்லில் வாழும் நம்மவருள் ஊருக்குப் பணம் அனுப்பாத வீடு அரிது. அத்தான் மறைந்த நாள்முதல் நானும் அக்காளுக்கு அனுப்பி வருகிறேன். இப்பொழுது என் மகள் மேல்வகுப்புக்குப் போகிறாள், செலவு ஏறிவிட்டது. ஊருக்குச் சென்றபோது அக்காளிடம் நேரிலேயே சொன்னேன். அவள் மகன் ஐ.டி.ஐ. படிப்பை முடிக்கும்வரை, அதாவது இன்னும் பதினான்கு மாதங்களுக்கு, ஒரு ரூபாயும் குறையாது. அதன்பின் பாதிதான் வரும். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "முன்கூட்டியே சொன்னாயே தம்பி, அது போதும். கிடப்பில் கிடக்கும் தையல் இயந்திரத்தைப் பழுதுபார்த்துக்கொள்கிறேன்" என்றாள்.

வருங்காலத்தில் நாடுகளின் உதவி இன்னும் சுருங்கலாம். வாங்கும் நாடுகள் தம் வரிப்பணத்தில் மருந்துக்கும் பள்ளிக்கும் முதலிடம் வைத்தல் வேண்டும். கொடுக்கும் நாடுகளோ, விலகும் நாளை முன்னரே அறிவித்து, ஏற்கும் கைகளைப் பழக்கிவிட்டு விலகுதல் வேண்டும். நம் சங்கம் பிள்ளைகளுக்கு அளிக்கும் படிப்புதவியிலும் இம்முறையையே கைக்கொள்வோமாக.