சிறுவீட்டுப் பானையும் கூட்டாஞ்சோறும்

ராஜபாளையத்தில் தென்காசி பஸ் ஏறி வலது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தால், மேற்குத் தொடர்ச்சி மலையும் கூடவே வரும். சேத்தூர், தளவாய்புரம், செட்டியார்பட்டி என்று இந்தப் பக்கம் அடுத்தடுத்து ஊர்கள். தளவாய்புரம் என்றாலே நைட்டிதான். தையல் மிஷின் சத்தத்தோடு விடிகிற வட்டாரம் இது. அம்மா மிஷினில் இருக்க, பிள்ளை இரண்டு நிமிஷ நூடுல்ஸோடும் செல்போனோடும் உட்கார்ந்திருப்பது எல்லா ஊரையும் போல இங்கேயும் உண்டு.

ஆனால் பிள்ளைகளைச் சமைக்க வைப்பதில் இந்தச் சீமைக்குப் பழைய அனுபவம் இருக்கிறது.

இப்போது இது விருதுநகர் மாவட்டம். 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா பிரியும் வரை ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா திருநெல்வேலியோடுதான் இருந்தது. இன்றும் தெற்கே சிவகிரிக்குப் போனால் தென்காசி மாவட்டம் வந்துவிடும். ஜில்லா மாறினால் அடுப்பு மாறிவிடுமா? தேங்காய், சீரகம், வற்றல் மிளகாய் அரைத்துவிட்ட குழம்பும், கருப்பட்டியும், முருங்கைக்கீரையும் நெல்லை வீட்டு வாசனைதான்.

அந்த நெல்லைச் சீமையின் வழக்கம் சிறுவீட்டுப் பொங்கல். மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாணப் பிள்ளையார் பிடித்து, மேலே பூசணிப்பூ வைப்பார்கள். அந்தச் சாணத்தைத் தட்டிக் காயவைத்துச் சேர்த்துவைப்பது பெண் பிள்ளைகளின் வேலை. அவர்களுக்காக முற்றத்திலோ வாசலிலோ மண்ணால் ஒரு குட்டி வீடு கட்டப்படும். தைப்பொங்கல் முடிந்து, அந்த மாதத்திலேயே ஒரு நாள், சிறுவீட்டில் பிள்ளைகளின் பொங்கல். பானை சிறியது, ஆனால் உலை வைப்பது, அரிசி களைந்து போடுவது, பொங்கும்போது குலவை என்று எல்லாமே நிஜம். பிறகு காய்ந்த வறட்டிகளையும் கொஞ்சம் பொங்கலையும் ஆற்றுக்கோ குளத்துக்கோ கொண்டுபோய், சூடம் ஏற்றித் தண்ணீரில் விடுவார்கள்.

இதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் பத்து முழுவதும், தாங்கள் கட்டிய மணல் வீட்டைக் கலைக்காதே என்று சிறுமிகள் கண்ணனிடம் கெஞ்சுவதுதான். அங்கே அந்த வீட்டுக்குப் பெயர் சிற்றில். சிறுமை, இல் என்று பிரித்துப் பார்த்தால் சிறுவீடேதான்! சங்க காலத்துக் கலித்தொகையிலும் சிற்றிலைக் காலால் கலைக்கிற பையன் வருகிறான். இந்தக் காலத்தில் அப்படி ஒருவன் வந்தால், விரட்ட வேண்டாம். உட்காரவைத்து வெங்காயம் உரிக்கச் சொல்லலாம். சமையல் விளையாட்டைப் பெண் பிள்ளைகளோடு நிறுத்திவிட்டது பழைய வழக்கத்தில் ஒரு குறைதான்.

சிறுவீட்டின் சூட்சுமம் பானையில் இருக்கிறது. பெரியவர்கள் சமையலில் பிள்ளைக்கு ஓர் ஓரத்து வேலை கொடுத்தால் பத்து நிமிஷத்தில் சலித்துவிடும். சிறுவீட்டிலோ, கால் டம்ளர் அரிசியே ஆனாலும் முதலிலிருந்து கடைசிவரை அந்தப் பிள்ளையின் சமையல். குழைந்தாலும் அவளுடையது, உப்புக் கூடினாலும் அவளுடையது. வீட்டில் பிள்ளைகளோடு சமைக்க நினைப்பவர்கள் முதலில் ஒரு சின்னப் பாத்திரம் வாங்கிவிடுவது நல்லது.

என்ன சமைப்பது? ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் பால்கோவா ஞாபகம் வரும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம்தான். ஆனால் பிள்ளைகளுக்கு வேண்டாம். பால் சுண்டி இறுகும் நேரத்தில் குமிழி வெடித்துக் கையில் தெறிக்கும். அதைக் கடையில் வாங்கிச் சாப்பிடுவதே மேல்.

பிள்ளைகளுக்கென்றே பிறந்த சமையல் கூட்டாஞ்சோறு. ஒரு வீட்டிலிருந்து அரிசி, ஒரு வீட்டிலிருந்து பருப்பு, இன்னொரு வீட்டிலிருந்து ரெண்டு கத்திரிக்காய் என்று கொண்டுவந்து, மரத்தடியில் கல் கூட்டிச் சமைத்த விளையாட்டு அது. அதே பெயரில் நெல்லை வீடுகளில் பெரியவர்களும் சமைப்பார்கள்.

வேலை முந்தின இரவே தொடங்கிவிடும். முருங்கைக்கீரையைக் கொத்தோடு ஒரு துணியில் இறுக்கிச் சுற்றி வைத்துவிட்டால், காலையில் உதறியதும் இலை தானாக உதிரும். நாலு வயசுப் பிள்ளைக்கு இது கிட்டத்தட்ட மாயாஜாலம். சின்ன வெங்காயத்தைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டுக் கொடுத்தால் கண் அவ்வளவாக எரியாது, தோலும் சுலபமாகக் கழலும். எட்டு வயசுக்காரர்கள் பெரியவர் பக்கத்தில் இருக்கக் கத்திரிக்காய் நறுக்கலாம். வாழைக்காய் என்றால் கையில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும், கறை பிடிக்கும்.

ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம் பருப்பு, 5 டம்ளர் தண்ணீர். மஞ்சள்தூள் போட்டுப் பருப்பை அரைவேக்காடு வேகவைத்து, அரிசியையும் கத்திரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், கொத்தவரங்காயையும் சேர்க்க வேண்டும். கால் மூடித் தேங்காய், ஒரு ஸ்பூன் சீரகம், 3 வற்றல் மிளகாய், நாலைந்து சின்ன வெங்காயம் அரைத்துவைத்துக்கொள்ளலாம். அம்மி இருக்கிற வீடென்றால் பத்து வயசுக்கு மேற்பட்டவர்களிடம் குழவியைக் கொடுத்துப் பார்க்கலாம். மிக்ஸியைவிட ஆசையாக அரைப்பார்கள்.

புளிக்கரைசலை மட்டும் அவசரப்பட்டு ஊற்றக் கூடாது. புளிப்பு இறங்கிவிட்டால் பருப்பும் காயும் வேக அடம்பிடிக்கும். எல்லாம் வெந்த பிறகுதான் புளி, உப்பு, அரைத்த விழுது. கடைசியாகக் கீரை. கடுகு, வடகம், கறிவேப்பிலை தாளிப்பது பெரியவர்கள் பாடு. பொரித்த அப்பளத்தை நொறுக்கித் தூவுகிற உரிமை, இருப்பதிலேயே சின்னப் பிள்ளைக்கு.

இதுவும் பெரிய வேலை என்று படுகிறவர்களுக்குக் கார்த்திகைக்குச் செய்கிற ஓலைக் கொழுக்கட்டை இருக்கிறது. வறுத்த பச்சரிசி மாவில் தேங்காய்த் துருவல், சுக்கு, வடிகட்டிய கருப்பட்டிப் பாகு ஊற்றிப் பிசைய வேண்டும். வடிகட்டாவிட்டால் மண் நறநறக்கும். குருத்துப் பனையோலைக்குள் மாவை அடைத்து, மேலே இன்னோர் ஓலையால் மூடி, நாரால் கட்டி, ஆவியில் வேகவைத்தால் ஆயிற்று. கொதிக்கிற எண்ணெய் இல்லை. அடைப்பதும் கட்டுவதும் முழுக்கப் பிள்ளைகள் கை வேலை. ஓலையைப் பிரிக்கும்போது வருகிற வாசனை இட்லித் தட்டில் வைத்து அவித்தால் வராது.

கூட்டாஞ்சோற்றில் இன்னும் ஒரு விஷயம் பாக்கி. பிள்ளைகள் கிண்டினால் அது கொஞ்சம் அடிப்பிடிக்கத்தான் செய்யும். யாரும் திட்ட வேண்டாம். அந்தக் காந்தலைச் சுரண்டித் தின்னத்தான் கடைசியில் போட்டியே நடக்கும்.