தவளக்குப்பம் வரையில்

சீமையில் ஒருவர் புது மோட்டார் வாங்கப் போனால், "மணிக்கு எவ்வளவு தூரம் ஓடும்?" என்று விசாரிப்பார். நம் நாட்டில் வீட்டார் கேட்கும் முதற் கேள்வி வேறு: "எத்தனை பேர் உட்காரலாம்?" கல்யாணத்துக்குப் போக வேண்டும், குலதெய்வத்தின் கோயிலுக்குப் போக வேண்டும், பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஆகவே, மோட்டாரின் விலையை ஆசனங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்த பிறகே அது மலிவா, கிராக்கியா என்று நாம் முடிவு செய்கிறோம்.

இப்படிப்பட்ட தேசத்தில், இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் செய்து, நடுத்தரக் குடும்பத்தார் வாங்கலாம் என்று விற்க முன்வருவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! அந்தத் தைரியம் 1998-ஆம் வருஷத்தில் 'ஸான் மோட்டார்ஸ்' என்னும் இந்தியக் கம்பெனிக்கு இருந்தது. அவர்கள் வெளியிட்ட வண்டியின் பெயர் 'ஸான் ஸ்டார்ம்'. ஸ்டார்ம் என்றால் புயல். இந்தப் புயலின் வடிவம் பிரான்ஸில் உருவாயிற்று; இயந்திரம் ரெனோ கம்பெனியின் 1,149 கன சென்டிமீட்டர் இயந்திரம்; உடல் கண்ணாடி இழையால் ஆனது; வண்டி உருப்பெற்ற இடமோ கோவா. போர்த்துகீசியர் ஆண்ட மண்ணில் பிறந்து, பிரெஞ்சு இருதயத்தைச் சுமந்து கொண்டிருந்த அந்த வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்குப் புதுச்சேரியைவிடப் பொருத்தமான ஊர் எது?

புதுச்சேரியில் எனக்கு ஓர் இளைய நண்பர் உண்டு. அவருடைய தகப்பனார் 'சொல்தா'. அதாவது, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவை செய்து பென்ஷன் பெற்றவர். நண்பருக்குக் கூரை திறந்த மோட்டாரில் போக வேண்டும் என்பது சிறு வயது முதல் ஆசை. பத்து வருஷமாகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வைத்திருந்தார். 1999-ஆம் வருஷம் மாசி மாதத்தில், அவருக்குத் தெரிந்த ஒருவர் சென்னையிலிருந்து ஒரு ஸ்டார்ம் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். "வாங்குவதற்கு முன் இதை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்" என்று சாவியைத் தாராளமாக நண்பரிடம் கொடுத்துவிட்டார். "அண்ணா, தவளக்குப்பம் வரையில் போய் வரலாம், அவளும் காலையிலேயே பஸ்ஸில் தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள்" என்று நண்பர் என்னையும் அழைத்தார்.

வண்டியில் ஏறினோம் என்று சொல்வது பொருந்தாது. இறங்கினோம் என்றே சொல்ல வேண்டும். ஆசனம் அவ்வளவு தாழ்வு. பக்கத்தில் வந்த லாரியின் சக்கரம் என் கண்ணுக்கு நேராகச் சுழன்றது. முதலியார்பேட்டையையும் முருங்கப்பாக்கத்தையும் கடந்தோம். கடலூர்ச் சாலையில் ஜனக் கூட்டம் சற்றுக் குறைந்ததும், நண்பர் வேகத்தை 60 கிலோமீட்டருக்குக் கொண்டு வந்தார். எனக்கோ நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதாகத் தோன்றிற்று!

இதில் மாயம் ஒன்றும் இல்லை. தரை அருகில் இருந்தால் வேகம் அதிகமாகத் தோன்றும். பாரம் பூமிக்குச் சமீபமாக இருந்தால் வளைவில் வண்டி சாயாது. உடல் லேசாக இருந்தால் சிறிய இயந்திரமே போதும். ஸ்டார்ம் இயந்திரத்தின் பலம் சுமார் 60 குதிரைச் சக்திதான். மலிவான ஸ்போர்ட்ஸ் காரின் ரகசியமே இதுதான். 1928-இல் இங்கிலாந்தில் எம்.ஜி. கம்பெனியார் மாரிஸ் மைனர் என்னும் சாதாரணச் சிறு காரின் பாகங்களை எடுத்து, மேலே லேசான உடலைப் பொருத்தி, 'மிட்ஜெட்' என்று பெயரிட்டு 175 பவுன் விலையில் அறிமுகப்படுத்தினார்கள். 1989-இல் ஜப்பானியரின் மாஸ்டா கம்பெனி அதே சூத்திரத்தைப் பின்பற்றி 'எம்.எக்ஸ்.-5' என்ற வண்டியை வெளியிட்டது. 2016-க்குள் அதில் பத்து லட்சம் வண்டிகள் செய்யப்பட்டுவிட்டன.

அரியாங்குப்பம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினோம். இடது புறம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமாபுரி நாட்டு மதுச் சாடிகளும் மட்பாண்டங்களும் வெளிப்பட்டன. நம்மவர்கள் மணி கோத்து அனுப்பிய துறைமுகமும் அதுவே. பிற தேசத்துப் பொருளும் நம் கைத்திறனும் இந்தக் கரையில் சந்திப்பது புதிதன்று; இரண்டாயிரம் வருஷத்துப் பழக்கம்.

நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு குறுக்கிட்டது. கூரை இல்லாத வண்டியில் ஆற்றின் குளிர்ச்சி முதலில் முகத்துக்குத் தெரிந்தது; பிறகுதான் ஆறு கண்ணுக்குத் தெரிந்தது. இடையார்பாளையத்தைத் தாண்டியதும் காற்றில் நெல்வயலின் வாசனை வந்தது. மூடிய மோட்டாரில் இதே சாலையில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அதற்கு இப்படி ஒரு வாசனை உண்டென்பது அன்றுதான் தெரிந்தது.

தவளக்குப்பம் ஒரு நாற்சந்தி. கிழக்கே போனால் நல்லவாடு, அப்பால் கடல். மேற்கே போனால் அபிஷேகப்பாக்கம், சிங்கிரிகுடி நரசிம்மர் கோயில். தெற்கே கிருமாம்பாக்கமும் கடலூரும். 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறும் வரையில் இது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மண். சந்தியில் பள்ளிச் சிறுவர்கள், மீன் கூடைக்காரிகள், சைக்கிள்கள், பஸ்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கூடியிருந்தன. நண்பர் நெடுந்தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துவிட்டார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். குழந்தை ஒன்று குறுக்கே வந்தால், கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்தத் தூரம் போய்விட்டிருக்கும். இதை ஓட்டுகிறவர் அறிந்திருக்க வேண்டும். சாலை நடப்பவர்களுக்கும் சொந்தம் அல்லவா?

வண்டி நின்றதும் சிறுவர் கூட்டம் சூழ்ந்துகொண்டது. "தவளை மாதிரி உட்கார்ந்திருக்குது, பாருடா!" என்றான் ஒரு பையன். ஊர்ப் பெயரே அவனுக்கு உவமையைக் கொடுத்திருக்க வேண்டும். 1958-இல் இங்கிலாந்தில் வந்த மலிவான ஸ்போர்ட்ஸ் காராகிய ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட்டுக்கு, விளக்குகள் மேலே துருத்திக் கொண்டிருந்ததால், அந்த ஊர் ஜனங்கள் 'தவளைக் கண்' என்று பெயர் வைத்தார்கள். தவளக்குப்பத்துப் பையனுக்கு அது எப்படித் தெரியும்?

நண்பரின் மனைவி வந்தார். இருப்பதோ இரண்டு ஆசனம். நான் இறங்கி டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ள, தம்பதிகள் சிங்கிரிகுடிக்குப் போய் நரசிம்மரைத் தரிசித்துத் திரும்பினார்கள். அந்த அம்மாளின் தலைமயிர் கலைந்திருந்தது, முகம் மலர்ந்திருந்தது.

"எப்படி இருந்தது, அம்மா?" என்று கேட்டேன்.

"மொட்டை மாடியில் உட்கார்ந்தபடியே ஊரைச் சுற்றி வந்தது போல் இருந்தது, அண்ணா! ஆனால் அத்தையை மொட்டை மாடியில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக முடியுமா? குழந்தைகள் இரண்டும் எங்கே உட்காரும்?"

நண்பர் பதில் சொல்லவில்லை. வண்டிக் கதவில் படிந்திருந்த புழுதியைக் கைக்குட்டையால் மெதுவாகத் துடைத்தார். அன்று மாலை சாவியை உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த வருஷம் அந்தப் பணத்தில் நான்கு கதவுள்ள வண்டி ஒன்று வாங்கினார்.

இந்தக் கணக்கு அந்த ஒரு வீட்டில் மட்டும் போடப்பட்டதல்ல. இரண்டு ஆசன வண்டிக்கு நம் நாட்டில் வீடுதோறும் கிடைக்கும் விடை பெரும்பாலும் இதுவே. ஸ்டார்ம் வண்டி சொற்ப எண்ணிக்கையில் விற்று, பிறகு நின்றுபோயிற்று. அதற்கு வெகு காலம் முன்பே, 1952-இல், கோயமுத்தூர் ஜி.டி. நாயுடு 2,000 ரூபாய்க்கு இரண்டு பேர் போகக்கூடிய மோட்டார் ஒன்றைச் செய்தார். ஒருவேளை அந்த விலையில் கணக்கு வேறு விதமாக முடிந்திருக்கலாம். ஆனால் சர்க்கார் லைசென்ஸ் கிடைக்காமல் அந்த முயற்சி மேலே செல்லவில்லை.

அதே கோயமுத்தூரில் கரிவர்தன் என்பவர் துணிந்து ஆசனத்தை ஒன்றாகவே குறைத்துவிட்டார்! மாருதி காரின் சிறிய இயந்திரத்தைக் கொண்டு, 'ஃபார்முலா மாருதி' என்னும் பந்தய வண்டியைக் குறைந்த செலவில் செய்தார். ஒருவரே உட்காரும் வண்டியாதலால், பாட்டிக்கு இடம் எங்கே என்ற கேள்வி எழவே இல்லை. அது வீட்டு வாசலுக்கு வந்த வண்டி அல்ல. பந்தயக் களத்தில் பலர் பழகுவதற்கான வண்டி. அதில் பழகிய இளைஞர்களில் ஒருவரான நரேன் கார்த்திகேயன் 2005-இல் உலக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். 1995-இல் காலமான கரிவர்தனின் பெயரைத் தாங்கிய கோவைக் களத்தில், கல்லூரி மாணவர்கள் தாங்களே செய்த வண்டிகளைக் கொண்டு வந்து 'ஃபார்முலா பாரத்' போட்டியில் ஓட்டிக் காட்டுகிறார்கள்.

வில்லியனூரில் தேர்த்திருவிழா நடக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே கவர்னர் வந்து வடம் பிடிப்பார். அந்த வழக்கம் பின்னரும் தொடர்ந்து வந்திருக்கிறது. வீட்டுக்கு ஒரு தேர் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஊருக்கு ஒன்று இருந்தால் போதும். சந்தோஷம் எல்லோருக்கும் உண்டு. காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு ஓடும் சின்னஞ்சிறு மோட்டாரும் அப்படிப்பட்டதுதான். ஊர்தோறும் ஒரு களம், கல்லூரிதோறும் ஒரு பட்டறை, அதில் நம் பிள்ளைகள் செய்த வண்டி ஒன்று என்று ஏற்பட்டுவிட்டால், எந்த வீட்டாரும் பத்து வருஷச் சேமிப்பையும் பாட்டியின் ஆசனத்தையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டியிராது.