ஒரே எண்ணுக்கு இரண்டு பேர் எழுந்தால்



டிரைவர் என்றால் நம் திருவள்ளூர் மாவட்டத்தில் முதலில் நினைவுக்கு வருவது லாரி டிரைவர்தான். கணினியின் கெர்னலுக்குள்ளும் டிரைவர்கள் உண்டு. அங்கே வந்த ஒரு தகராறில் இங்கே லாரிகள் நின்றுபோன கதை இது.

எடைமேடையின் இண்டிகேட்டர், எடையை ஆர்எஸ்-232 என்னும் சீரியல் கம்பி வழியே அனுப்பும். இன்றைய கணினிகளில் அந்த போர்ட் பெரும்பாலும் இல்லை. ஆகவே யுஎஸ்பியாக மாற்றித் தரும் கேபிள் ஒன்று தேவை. செருகியதும் அந்தக் கேபிள் தன் எண்ணைச் சொல்லும். மலிவான கேபிள்களில் உள்ள சிஎச்340 சிப்பின் எண் 1ஏ86:7523. கெர்னல் அதை ஒவ்வொரு டிரைவரின் பட்டியலோடும் ஒப்பிடும். பொருந்தும் டிரைவரை 'புரோப்' என்ற அழைப்பால் கூப்பிட்டு, "இது உன்னுடையதா?" என்று கேட்கும். டிரைவர் ஏற்றுக்கொண்டால் இணைப்பு முடிந்தது. டிடிஒய்யுஎஸ்பி0 என்ற பெயரில் போர்ட் வந்துவிடும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் நம் மாணவன் போன மாதம் அழைத்தான். "சார், போர்ட் வந்த உடனே மறைந்துவிடுகிறது. கேட்டில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள்தான் காரணமாம். அழித்துவிடட்டுமா?"

"அழிக்காதே தம்பி" என்றேன்.

பார்வையற்றவர் திரையில் உள்ளதை விரல் நுனியால் படிக்க உதவும் மென்பொருள் அது. அமெரிக்காவில் பார்வையற்றோருக்கான நூலகச் சேவை தரும் பிரெய்ல் கருவி ஒன்றுக்கும் இதே 1ஏ86:7523தான் எண். வருகைப் பதிவேட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால், கூப்பிட்டதும் இருவரும் எழுந்து நிற்பார்கள் அல்லவா? அதுபோலத்தான். கெர்னல் பார்ப்பது கேபிளின் எண்ணை மட்டுமே. மறுமுனையில் இருப்பது எடைமேடையா, பிரெய்ல் கருவியா என்று அதற்குத் தெரியாது. விதிக்கோப்பில் அந்த எண் இருப்பதால், கெர்னல் டிரைவரிடமிருந்து கேபிளை அந்த மென்பொருள் பறித்துக்கொள்கிறது. 2022-இல் வந்த உபுண்டு 22.04-இல் பலருக்கும் இது நேர்ந்தது. "அதை நீக்கிவிடு" என்பதே பலர் சொன்ன வைத்தியம்.

ஆனால் தகராறு ஒரே ஒரு வரியில்தான். யுடெவ் விதிக்கோப்பை அதே பெயரில் இடிசி அடைவில் உள்ள யுடெவ் விதிகளோடு நகலெடுத்து வைத்து, நகலில் அந்த எண் உள்ள வரியின் முன் # குறி போட்டால் போதும். விதிகளை மீண்டும் ஏற்றி, கேபிளைக் கழற்றிச் செருகினால் போர்ட் நிலைத்து நிற்கும். மற்ற பிரெய்ல் கருவிகள் அந்தக் கணினியில் எப்போதும்போல் வேலை செய்யும். நாளை அந்த நாற்காலியில் பார்வையற்ற ஒருவர் வந்து உட்கார்ந்தாலும், பிறர் உதவியில்லாமல் தொடங்கலாம்.

நம் மாணவர்களில் விரலால் படிப்பவர்களும் உண்டு. பழுது பார்க்கும்போது, 'யாருக்காக இது இங்கே இருக்கிறது?' என்று ஒருமுறை கேட்டுவிட்டு அழியுங்கள், கண்ணுகளா.

அன்புடன்,
உங்கள் கணினி சார்