கடையத்தில் ஒரு கைப்பிடி பயறு

குற்றாலத்துக்குப் போகிறவர்களில் பலர் கடையத்தில் இறங்குவதில்லை. திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை போகும் ரயிலில் ஆழ்வார்குறிச்சி, ரவணசமுத்திரம் தாண்டியதும் கீழக்கடையம் ஸ்டேஷன். மேற்கே மலை; மலையடியில் நித்திய கல்யாணி அம்மன் கோயில். பாரதியாரின் மனைவி செல்லம்மாவின் ஊர் இது. 1918 கடைசியில் சிறையிலிருந்து வந்த பாரதியார் இரண்டு வருஷம்போல இங்கேதான் இருந்தார். எனக்கோ இது பெரியம்மா ஊர்.

2023 ஆடி மாதம் என் மகளையும் பதினாலு மாதப் பேரனையும் கூட்டிக்கொண்டு போனேன். அருவி ஒரு சாக்குதான். இரண்டு மாதமாகப் பேரனுக்கு எடை ஏறவே இல்லை. டாக்டர் இரும்புச் சத்து சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, "சாப்பாட்டைக் கவனியுங்கள்" என்றார். அந்த வருஷத்தை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்தது. எங்கே பார்த்தாலும் கேழ்வரகுப் புராணம். மகளும் தாய்ப்பாலோடு மூன்று வேளையும் கேழ்வரகுக் கஞ்சியே கொடுத்து வந்தாள். நல்லதுதானே என்று தலையாட்டியவள் நான்.

போய் இறங்கிய அன்றே பெரியம்மா பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏட்டி, பிள்ளைக்கு என்னத்தக் குடுக்கே?"

"கேழ்வரகுக் கஞ்சி, ஆச்சி."

"கூட என்ன பயறு?"

"பயறா? ஒண்ணும் போடறதில்லையே ஆச்சி."

பெரியம்மா மகளை ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் பார்த்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சாயங்காலம் சாரலில் வயல் பக்கம் நடந்தோம். ராமநதித் தண்ணீர் பாயும் நிலத்தில் இப்போது நெல். பெரியம்மா சிறுமியாக இருந்தபோது அவர்கள் மானாவாரிப் புஞ்சையில் கேப்பையும் கம்பும்தானாம். நடுநடுவே தட்டைப்பயறு ஊடுபயிர். பயறுச் செடியின் வேர் முடிச்சுகள் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கும் என்று பள்ளிக்கூடத்தில் நான் படித்தது அப்போது ஞாபகம் வந்தது. "காட்டுல ஒண்ணா வெளஞ்சத வீட்டுல ஏன் பிரிக்கணும்?" என்றாள் பெரியம்மா.

ஊர் திரும்பியதும் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். புரதம் என்பது கதம்பம் கட்டுகிற மாதிரி. மரிக்கொழுந்து தீர்ந்துவிட்டால், மல்லிகை எவ்வளவு இருந்தாலும் கட்டு அங்கேயே நின்றுவிடும். கேழ்வரகு, கம்பு, தினை, அரிசி எல்லாவற்றிலும் லைசின் என்கிற பொருள் குறைவு. பயறு, பருப்பில் அது தாராளம். ஆனால் மெத்தியோனின் குறைவு. அது தானியத்தில் உண்டு, எள்ளில் நிறையவே உண்டு. சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது ஈடு செய்யும். 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 350 மில்லிகிராம் அளவுக்கு இருந்தாலும் புரதம் 7 கிராம்தான். உளுந்து, சிறுபயறு, காணம் (கொள்ளுதான், நம்ம பக்கம் காணம் என்போம்) இவற்றில் 22 கிராம் அளவுக்கு உண்டு. பெரியவர்களுக்கு ஒரே வேளையில் சேர வேண்டுமென்பதில்லை, அன்றைய தினத்துக்குள் சேர்ந்தால் போதும். மெக்சிகோக்காரர்கள் சோள ரொட்டியும் பீன்ஸும் தின்பது, நாம் இட்லிக்கு உளுந்து போடுவது எல்லாம் இந்தக் கணக்குத்தான்.

மறுநாள் மத்தியானம் உளுந்தஞ்சோறு. பெரியம்மா அரிசிக்குப் பதில் குதிரைவாலி போட்டாள். இரண்டு டம்ளர் குதிரைவாலிக்கு, வாசனை வர வறுத்த தொலி உளுந்து ஒரு டம்ளர். பதினைந்து பல் பூண்டு, ஒரு ஸ்பூன் வெந்தயம், ஒரு மூடி தேங்காய்த் துருவல், உப்பு. ஏழெட்டு டம்ளர் தண்ணீர் விட்டுக் குக்கரில் குழைய வைத்தாள். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். அந்தத் துவையல் ருசிக்காக மட்டும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பேரனுக்குத் துவையல் இல்லாமல் நெய் விட்டுப் பிசைந்து கொடுத்தோம். பாதி தின்றான், பாதியை என் புடவையில் தடவினான்.

கஞ்சி மாவுக்கு அளவு மூன்று பங்கு கேழ்வரகு, ஒரு பங்கு சிறுபயறு. தனித்தனியாக ராத்திரி ஊறப்போட்டு, துணியில் கட்டி முளை வரவிட வேண்டும். நிழலில் நன்றாக உலர்த்தி, முளையைத் தேய்த்து உதிர்த்து, லேசாக வாட்டி அரைக்க வேண்டும். கருக வறுக்கக் கூடாது. சாதாரண மாவு சீக்கிரம் இறுகிவிடும். நாம் தண்ணீரைக் கொட்டி இளக்குவோம். பிள்ளை வயிறு தண்ணீரால் நிறையும். என் மகள் வீட்டில் நடந்தது அதுதான். முளைகட்டிய மாவு இறுகாது என்பதால் அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு போடலாம். ஆறு மாதம் முடியாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான், இதெல்லாம் அப்புறம்.

இன்னொன்று. தானியமும் பயறும் சேர்ந்துவிட்டதென்று பாலையும் மோரையும் நிறுத்திவிடாதீர்கள். பி12 வைட்டமின் இவை எதிலும் இல்லை. சைவக்காரர்களான நமக்கு அது பால், தயிரிலிருந்துதான் வர வேண்டும்.

கிளம்பும்போது பெரியம்மா ஒரு பை நிறைய கறுப்பு உளுந்தும் காணமும் கட்டிக் கொடுத்தாள். புரட்டாசியில் எடை பார்த்தபோது பேரனுக்கு அறுநூறு கிராம் ஏறியிருந்தது. சொட்டு மருந்தா, பயறா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. கஞ்சி மாவு டப்பா காலியானதும் மகள் எனக்குப் போன் செய்யவில்லை. நேரே கடையத்துக்குத்தான் செய்தாள்.