கடுகு வயலுக்கு மேலே பத்தாயிரம் அடி

திட்டம் போட்டவர் ஒருவர். குதித்தவர் இன்னொருவர். இடையில் நின்றது ஒரு எடை மேடை.

2023 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு தில்லியிலிருந்து ஒரே காரில் கிளம்பிய நான்கு நண்பர்களில் குருகிராம் கம்ப்யூட்டர் பொறியாளர்தான் தலைவர். ஸ்கைடைவிங் யோசனை அவருடையது. முன்பதிவும் காரும் அவருடையவை. தைரியமும் அவருடையதுதான் என்றுதான் வழிநெடுக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கூட வந்தவர்களில் ஒருவர் ஆடிட்டர். இன்னொருவர் பிசியோதெரபிஸ்ட். நான்காமவர் ரோகிணியில் கணக்குப் பாடம் நடத்தும் 38 வயது ஆசிரியை. மற்ற மூவரும் 'தீதி' என்று கூப்பிடும் இவர் குதிக்க வரவில்லை. பக்கத்தில் தோசி மலை இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டும், நீங்கள் குதிக்கும்போது பைகளையும் செல்போன்களையும் பார்த்துக்கொள்கிறேன் என்ற நிபந்தனையுடன் வந்தவர்.

போகும் இடம் ஹரியானாவின் தெற்கு மூலையில், ராஜஸ்தான் எல்லையை உரசிக்கொண்டிருக்கும் நார்னோல். ஊருக்கு வெளியே பாச்சோத் கிராமத்தில் ஒரு சிறிய விமான ஓடுதளம் உண்டு. பத்தாயிரம் அடி உயரத்திலிருந்து, பயிற்சியாளருடன் பட்டைகளால் பிணைக்கப்பட்டுக் குதிக்கும் 'டாண்டம்' குதிப்பு அங்கே நடந்துகொண்டிருந்தது. தலைக்குக் கட்டணம் இருபதாயிரத்தைத் தாண்டியது. அதாவது பாங்காக் போய்வரும் விமான டிக்கெட் பணம், அரை நிமிட வீழ்ச்சிக்கு.

தாருஹேராவில் திரும்பி ரேவாரி வழியாகப் போகும் சாலை, கல் ஏற்றிய லாரிகளின் ராஜ்யம். ஆரவல்லிக் குன்றுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போகும் லாரிகள். இரவு பத்து மணிக்கு ஒரு தாபாவில் நிறுத்தினார்கள். வெண்ணெய் மிதக்கும் உருளைக்கிழங்கு பராத்தாக்கள் வந்தன. பொறியாளர் நான்கு சாப்பிட்டார். அந்த நான்கும் மறுநாள் காலை சாட்சி சொல்லப் போகின்றன என்று அப்போது யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை காலை எட்டு மணி. ஓடுதளம் இருக்கிறது என்று சொன்னால் நம்பத்தான் வேண்டும், அப்படி ஒரு மூடுபனி. பனிக்கு அடியில் எங்கோ கடுகு வயல்களின் மஞ்சள். ஒரு கூடாரம், சில பிளாஸ்டிக் நாற்காலிகள், இஞ்சி டீ, ஒரு மேஜை, ஓர் எடை மேடை. பிசியோதெரபிஸ்ட் ஏறி இறங்கினார். ஆடிட்டர் ஏறி இறங்கினார். பொறியாளர் ஏறினார். அங்கே வைத்திருந்த வரம்பைவிட ஆறு கிலோ அதிகம்.

ஜாக்கெட்டைக் கழற்றினார். ஷூவைக் கழற்றினார். பெல்ட்டையும் பர்ஸையும் எடுத்து ஆசிரியையிடம் கொடுத்தார். எடை நாலரை கிலோவுக்கு மேல் குறையவில்லை என்று ஆடிட்டர் சொன்ன கணக்கு பொய். ஒன்றரை கிலோதான் குறைந்தது. பதிவு மேஜையில் இருந்த இளைஞர் மரியாதையாகவே சொன்னார்: 'பாராசூட்டுக்கு உங்களைத் தாங்க முடியும் சார். ஆனால் இறங்கும்போது உங்களுக்கு அடியில் வரப்போவது எங்கள் பயிற்சியாளரின் கால்கள்.' கட்டணம் திரும்பக் கிடைக்காது. வேறு யாராவது அந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று பேரும் ஆசிரியையைப் பார்த்தார்கள். அவர் தன் கையிலிருந்த பெல்ட்டைப் பார்த்தார்.

அதற்குள் பதினொரு மணி. பனி விலகியதும் காற்று எழுந்தது. காற்றுப் பை கம்பத்தில் நேராக நீட்டிக்கொண்டு நின்றது. இன்று யாரும் குதிக்க முடியாது, நாளை காலை வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வந்திருந்த மற்றவர்களுக்கு அது ஏமாற்றம். ஆசிரியைக்கு ஒரு இரவு அவகாசம்.

கிடைத்த மதியத்தில் ஊரைச் சுற்றினார்கள். நார்னோலைத் தில்லிக்காரர்கள் கண்டுகொள்வதில்லை என்பது ஒரு வகையில் நல்லதுதான். நெருக்கமில்லாமல் பார்க்க முடிகிறது. ஷெர் ஷாவின் தாத்தா இப்ராஹிம் கான் சூரின் கல்லறை இங்கேதான் இருக்கிறது. பெரிய குளத்தின் நடுவே, ஒரு பாலம் வழியாகப் போய்ச் சேரும் ஜல் மகாலை 1590 வாக்கில் கட்டியவர் ஷா குலி கான். 1556-ல் இரண்டாம் பானிப்பட்டுப் போரில், கண்ணில் அம்பு பாய்ந்து யானை மேல் சரிந்துகிடந்த ஹேமுவைப் பிடித்தவர் அவர்தான். அந்த ஹேமு வளர்ந்த ஊர் ரேவாரி. முதல் நாள் இரவு பராத்தா சாப்பிட்டுக் கடந்துவந்த அதே ரேவாரி. தில்லியை ஒரு மாதமே ஆண்டவரின் ஊருக்கும், அவரைப் பிடித்தவரின் மாளிகைக்கும் நடுவே ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம்தான்.

பிற்பகலில் தோசி மலை. ச்யவன முனிவர் தவம் செய்த இடம், கிழவரான அவருக்கு அஸ்வினி தேவர்கள் இளமையைத் திருப்பிக் கொடுத்த இடம் என்பது ஐதீகம். ச்யவனப்பிராசத்தின் பிறந்த வீடும் இதுவே என்று ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்கிறார்கள். நூற்றுக்கணக்கான படிகள். பாதி தூரத்திலேயே உட்கார்ந்துவிட்ட பொறியாளர், இளமை வேண்டாம், எடை குறைந்தால் போதும் என்றார். ஆசிரியை மட்டும் நிற்காமல் ஏறினார். உச்சியிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் ஹரியானா, மறு பக்கம் ராஜஸ்தான், இரண்டிலும் ஒரே மஞ்சள். மலையின் உயரம் எவ்வளவு என்று அவர் விசாரிக்கவில்லை. பத்தாயிரம் அடி என்பது இதைப்போல் எத்தனை மடங்கு என்று மனசு கணக்குப் போட்டுவிடும் என்ற பயம்.

இரவு லாட்ஜில் பாஜ்ரா ரொட்டியும் கடியும். பொறியாளர் பட்டினி. பேச்சு தானாகவே அங்கே போய் நின்றது. ஆசிரியைக்குத் தந்தை இல்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் தாய், படித்துக்கொண்டிருக்கும் தம்பி, இருவருக்கும் இவர் சம்பளம்தான். வார இறுதிக்கு மலைக் கோயில் பார்க்கப் போகிறேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தார்.

மேஜையிலிருந்து அவர் படிவத்தின் ஒரு பிரதியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். மற்ற மூவரும் காலையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஊரார் கணக்கையெல்லாம் வரி வரியாகப் படிக்கும் ஆடிட்டர், தன் உயிர் சம்பந்தப்பட்ட காகிதத்தைப் படிக்கவில்லை. ஆசிரியை படித்தார். காயம், நிரந்தர ஊனம், மரணம் என்ற மூன்று சொற்களும் சேர்ந்து எத்தனை முறை வருகின்றன என்று பென்சிலால் கோடு போட்டிருந்தார். பிறகு ஆடிட்டரிடம் ஒரே கேள்வி: 'விபத்துக் காப்பீடு இருக்கிறது. இதற்குக் கொடுப்பார்களா?' பல விபத்துக் காப்பீடுகளில் சாகச விளையாட்டுகளுக்கு விலக்கு உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது ஆடிட்டருக்கு. சொல்லிவிட்டுத் தன் பாலிசியை செல்போனில் தேட ஆரம்பித்தார்.

செல்போனில் வேறொன்றும் அகப்பட்டது. 2014 தொடக்கத்தில் சேலத்தில், கணவருடன் பயிற்சிக்கு வந்த ஓர் இளம் பெண், பாராசூட் விரியாமல் விழுந்து இறந்த செய்தி. அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அவர் தனியாகக் குதித்தவர், நாளை குதிப்பது பயிற்சியாளருடன், இரண்டும் வேறு என்றார் பிசியோதெரபிஸ்ட். அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் கணக்குப்படி டாண்டம் முறையில் சுமார் 5 லட்சம் குதிப்புகளுக்கு ஒரு மரணம். நேற்று இரவு கல் லாரிகளுக்கு நடுவே வந்தது இதைவிட ஆபத்து என்றார் ஆடிட்டர்.

'கணக்கு எனக்குப் புரிகிறது' என்றார் ஆசிரியை. 'அம்மாவுக்கு நான் ஒருத்திதான். அவளுக்கு அது ஒன்றுக்கு ஒன்று.'

யாரும் வற்புறுத்தவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இப்படிப்பட்ட பயணங்களில் வற்புறுத்துவதுதான் நட்பு என்று ஆகிவிட்டிருக்கிறது. விளக்கை அணைக்கும் நேரத்தில் பொறியாளர் மட்டும், பணம் போனால் போகட்டும் தீதி, என்றார்.

இந்தியாவில் இது இப்போது முளைத்த பைத்தியம் அல்ல. ரேச்சல் தாமஸ் 1979-ல் ஆக்ராவில் முதல் முறை குதித்தார். 2002-ல் வட துருவத்தின் மேல் குதித்தார். புனேயைச் சேர்ந்த ஷீத்தல் மகாஜன் 2004-ல் அதே வட துருவத்தில்தான் தன் வாழ்க்கையின் முதல் குதிப்பையே குதித்தார். முன்பெல்லாம் ராணுவத்தோடு தொடர்பு இல்லாதவர்களுக்கு இந்த வாசல் திறப்பதே அபூர்வம். டாண்டம் முறை அதை மாற்றியது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவான இந்த முறையில் புதியவர் செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றும் இல்லை. கால்களை மடக்கு, தலையைப் பின்னால் சாய், வயிற்றை முன்னால் தள்ளு, வாழைப்பழம் போல் வளை. இறங்கும்போது காலைத் தூக்கு. பாடம் முடிந்தது.

ஞாயிறு காலை வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. காற்றுப் பை சோர்ந்து தொங்கியது. பொறியாளர் மறுபடி எடை மேடையில் ஏறினார். பட்டினிக்கு அரை கிலோ பலன். அவர் இறங்கிய இடத்தில், ஒரு வார்த்தை பேசாமல் ஆசிரியை ஏறினார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் பயிற்சியாளரிடம் வகுப்பில் கேட்பது போல் கேள்விகள் கேட்டார். முதல் பாராசூட் விரியாவிட்டால்? அதை வெட்டிவிட்டு இரண்டாவதை விரிப்போம் மேடம். நீங்கள் மயங்கிவிட்டால்? ஒரு சிறிய கருவி இருக்கிறது. குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழேயும் வேகம் குறையவில்லை என்றால் அதுவே இரண்டாவது பாராசூட்டைத் திறந்துவிடும். இருவர் எடையில் வேகம் கூடாதா? கூடும். அதனால்தான் குதித்த சில நொடிகளில் பின்னால் ஒரு குட்டிப் பாராசூட்டை விடுகிறோம், அது இழுத்துப் பிடிக்கும். ஆசிரியை தலையாட்டினார். கையெழுத்துப் போடும்போது பேனா ஒரு முறை நின்றது. பிறகு ஓடியது. குதிப்பதற்கான தைரியம் விமானத்தின் கதவருகே தேவைப்படுகிறது என்பது சினிமாக்காரர்களின் எண்ணம். கதவருகே முடிவெடுப்பவர் முதுகில் ஒட்டியிருக்கும் பயிற்சியாளர். புதியவரின் முடிவு இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே முடிந்துவிடுகிறது.

இருக்கைகள் பிடுங்கப்பட்ட சிறு விமானம். தரையில் கால் நீட்டி உட்கார வேண்டும். ஒற்றை எஞ்சின் முனகிக்கொண்டே ஏறியது. ஐயாயிரம் அடியில் ஆசிரியை, இதுவே போதுமே என்று நினைத்தாராம். பயிற்சியாளரின் மணிக்கட்டிலிருந்த உயரமானி பாதிதான் வந்திருக்கிறது என்று காட்டியது. ஆயிரம் அடிக்கு சுமார் 2 டிகிரி குறையும். கீழே 18 என்றால் மேலே பூஜ்யத்துக்கும் கீழே. கதவு திறந்ததும் அந்தக் கணக்கு சரி என்று முகத்துக்குத் தெரிந்தது. கால்கள் வெளியே தொங்கின. ஒன்று, இரண்டு. மூன்று சொல்வார்கள் என்று காத்திருந்தார். சொல்லவில்லை.

ராட்டினத்தில் வயிறு எழும்புமே, அது இல்லை. விழுவது போலவே இல்லை. மணிக்கு 190 கிலோமீட்டருக்கும் மேலான காற்று ஒரு மெத்தை போல் அடியிலிருந்து தாங்கியது. கத்தினார், தன் குரல் தன் காதுக்கே வரவில்லை. முதல் ஆயிரம் அடிக்குப் பத்து நொடி, அடுத்து ஒவ்வொரு ஆயிரத்துக்கும் ஐந்தரை நொடி, ஆக ஐயாயிரம் அடிக்கு முப்பத்திரண்டு நொடி என்று இரவே கணக்குப் போட்டு வைத்திருந்தார். எண்ணலாம் என்றுதான் நினைத்தார். ஏழுக்கு மேல் எண்ண மறந்துவிட்டார்.

பாராசூட் விரிந்தபோது ஒரு உலுக்கல். பிறகு அமைதி. அந்த அமைதியை யாரும் முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை. இரைச்சல் சட்டென்று நின்று, கீழே எங்கோ ஒரு டிராக்டரின் சத்தம்கூடக் கேட்டது. மஞ்சள் கட்டங்கள், ஒரு குளத்தின் மினுக்கல், தூரத்தில் தோசி. நேற்று மூச்சு வாங்க ஏறிய மலை, யாரோ வயலில் மறந்துவிட்டுப் போன மண்மூட்டை மாதிரி இருந்தது. ஐந்து நிமிடம் கழித்துக் காலைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினார், புல்லில் சறுக்கி உட்கார்ந்தார்.

முதலில் ஓடிவந்தவர் பொறியாளர். இரு தோளிலும் நான்கு பைகள், கையில் மூன்று செல்போன்கள். அதில் ஒன்று அடித்துக்கொண்டிருந்தது. ஆசிரியையின் அம்மா.

பட்டைகள் இன்னும் கழற்றப்படவில்லை. தலைமுடி ஒரு பக்கமாக நின்றுகொண்டிருந்தது. 'சாப்பிட்டேன் மம்மி. இல்லை, இங்கே கொஞ்சம் காற்று, அதனால் அப்படிக் கேட்கிறது. ஆமாம், மலைக்கு ஏறினேன். நேற்றே.' மறுமுனை ஏதோ கேட்டது. ஆசிரியையின் முகம் மாறியது. பத்தாயிரம் அடியில் மாறாத முகம். 'கொண்டுவருகிறேன்' என்று சொல்லி வைத்தார்.

தோசியிலிருந்து பிரசாதம் வேண்டுமாம். நேற்று வாங்க மறந்துவிட்டார்.

இவருக்கோ முழங்கால் இரண்டும் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன. பிசியோதெரபிஸ்ட் புல்லிலேயே மல்லாந்து கிடந்தார். ஆடிட்டர் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறியாளர் பைகளைக் கீழே வைத்தார், கார் சாவியை எடுத்தார், ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினார். பகல் இரண்டு மணிக்கு அடிவாரத்தில் காரை நிறுத்திவிட்டு அவர் மட்டும் படியேறினார். இந்த முறை பாதியில் உட்காரவில்லை.